கேமரா வாங்கும்போது முதலில் லென்ஸைக் கேளுங்கள்

போன வாரம் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஏணியில் நின்று கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தும் இடம் அங்கிருந்து 15 மீட்டர் தள்ளி. அதைப் பார்க்க அவர் கையில் இருந்தது 2.8 எம்எம் லென்ஸ். எம்எம் எண் குறைந்தால் காட்சி அகலமாகும், ஆனால் தூரத்தில் இருப்பது சிறிதாகிவிடும். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. இந்த மாதிரித் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்; பாஸ்வேர்டை மாற்றுவது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

மெகாபிக்சலை மட்டும் பார்த்து வாங்குவது

காசிமேட்டில் ஒரு ஐஸ் குடோன். நீளமான சந்து, அதன் கடைசியில் கேட். "முழுசா தெரியணும் தம்பி" என்றார் முதலாளி. 2.8 போட்டுக் கொடுத்தேன். எதிர்வீட்டுத் திண்ணை வரை தெரிந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும். மூன்று மாதம் கழித்து கேட் பக்கம் நின்ற பைக் போய்விட்டது. பதிவில் ஆள் வருகிறான், பூட்டை உடைக்கிறான், ஓட்டிக்கொண்டு போகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பெரிதாக்கினால் திட்டுதான் பெரிதாகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ இது எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் காட்சியின் அகலத்தில் மீட்டருக்குச் சுமார் 250 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே இருப்பது 1,920 பிக்சல். அப்படியானால் காட்சியின் அகலம் ஏழரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2.8 எம்எம் லென்ஸ் 100 டிகிரிக்கு மேல் விரிவதால், மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் வந்துவிடும். அதே லென்ஸில் 8 மெகாபிக்சல் போட்டாலும் ஆறு மீட்டர்தான். 2 மெகாபிக்சலிலேயே 6 எம்எம் போட்டால் எட்டு மீட்டர், 12 எம்எம் போட்டால் 15 மீட்டர் வரை முகம் கிடைக்கும். காசு கூடப் போட்டு மெகாபிக்சலை ஏற்றுகிறவர்கள் இதை ஏன் கேட்பதில்லை என்று எனக்குக் கோபமே வருகிறது.

மொத்த இடத்தையும் பார்க்க ஒரு 2.8, கேட்டுக்குத் தனியாக ஒரு குறுகிய லென்ஸ். தூரம் சரியாகத் தெரியாவிட்டால் 2.8 முதல் 12 வரை திருப்பிக்கொள்ளும் வேரிஃபோக்கல் வாங்குங்கள்.

அந்தத் துணிக்கடைத் தம்பியைக் கீழே இறக்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கவைத்து, மானிட்டரில் அவர் முகத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். மறுநாள் 12 எம்எம் வந்தது.

வாசலுக்கு வைஃபை கேமரா

வேண்டாம். சௌகார்பேட்டையின் பழைய கனத்த சுவர்களை சிக்னல் சரியாகத் தாண்டாது.

சுற்றும் கேமரா

உட்கார்ந்து திருப்ப ஆள் இருந்தால் மட்டும்.

கடலோரத்தில் வெளியே டோம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. டோம் கேமராவின் அரைக்கோள மூடியில் உப்பும் தூசியும் படிந்தால், இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி படமே வெளுத்துவிடும். வெளியே குழாய் வடிவ புல்லட் கேமரா போடுங்கள். அதையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். அப்புறம், ஐபி67 என்று பெட்டியில் போட்டிருப்பது தூசிக்கும் தண்ணீருக்கும்தான், உப்புக்கு இல்லை. கனெக்டரை வெளியே தொங்கவிட்டால் பச்சை பூத்துவிடும். மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள்.