ஸ்பிட்ஃபயரின் குலுக்கல் நின்றது

நானும் கணவரும் இங்கிலாந்தில் வீட்டுக் கராஜில் சரிசெய்துவரும் கார், 1976 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது உறவு. இரண்டுமே டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தவை. துரு, பெயின்ட் வேலைகள் நேரத்தைத் தின்றன, அவ்வளவுதான். படுத்தியது ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது. சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும்.

இதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் இரண்டு, எஸ்யூ என்ற வகை. பிளக், டைமிங், வால்வு இடைவெளி மூன்றையும் பார்க்காமல் கார்புரேட்டரைத் தொடுவது வீண். அதை முடித்து, கராஜ் கதவைத் திறந்துவைத்து, எஞ்சினைச் சூடாக்கினோம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் இரண்டு த்ராட்டிலையும் இணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். ரப்பர் குழாயின் ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை அவர் காதில். குக்கர் விசில் கேட்காத காதுக்கு, காற்று உள்ளே போகும் இரைச்சல் நன்றாகவே கேட்டது!

“ஏங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கா?”

“பின்னாடி இருக்கறது கொஞ்சம் அதிகம்.”

இரைச்சல் சமமாகும்வரை ஐட்லிங் திருகைத் திருப்பினேன். அப்புறம் பெட்ரோல்-காற்றுக் கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் துளி உயர்த்தும்போது எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் குறைவு. லேசாக ஏறி அடங்கினால் சரி. முன் கார்புரேட்டரில் தடுமாறியது. பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாக, அதாவது ஆறில் ஒரு சுற்றாக, கீழே இறக்கினேன். கடைசியில் கிளாம்ப்பை இறுக்கி, பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டாஷ்பாட்டில் எண்ணெய் ஊற்றினோம்.

இப்போது சிக்னலில் அணைவதில்லை. அடுத்தது ஒழுகும் துணிக்கூரை. அது அவர் பொறுப்பு.