வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளைகுடா என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் கிறிஸ்தவ வழிபாட்டைப் பொறுத்தவரை அங்குள்ள ஒவ்வொரு நாட்டின் நடைமுறையும் வேறு. பஹ்ரைனில் அமெரிக்க மிஷனரிகளின் பணியில் உருவான நற்செய்திச் சபை 1906 முதல் இயங்கிவருகிறது. அதே நாட்டின் அவாலியில் அரேபிய அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. துபாயின் ஊத் மேத்தா பகுதியில் புனித மரியாள் ஆலயம் 1967 முதல் இருக்கிறது. கத்தாரில் தோஹாவுக்கு வெளியே அரசு ஒதுக்கிய ஒரே வளாகத்துக்குள், வெளியே தெரியும்படி சிலுவை இல்லாமல், பல சபைகளின் ஆலயங்கள் அமைந்துள்ளன. அங்குள்ள கத்தோலிக்க ஆலயம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஓமானில் ரூவி, கலா ஆகிய இடங்களில் ஆலய வளாகங்கள் உண்டு. சவூதி அரேபியாவில் ஆலயமே கிடையாது. ஆகவே விசா கையில் கிடைத்தவுடன் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் விசாரிப்பதுபோல, போகும் ஊரில் வழிபாட்டுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையும் ஏற்கெனவே அங்கே இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் திருமுழுக்குச் சான்றிதழ், திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் சான்றிதழ், திருமணமானவர்கள் ஆலயத் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்துக்கொள்வது நல்லது. பிள்ளைக்கு முதல் நற்கருணை, திடப்படுத்தல், ஊரில் திருமணம் நிச்சயமாகி ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய நிலை என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் பலர் இந்தத் தாள்களைத் தேடி, ஊரிலுள்ள பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஊர்ச் சபையிலிருந்து ஓர் அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொண்டால், புதிய இடத்தில் பெயர் பதிவது எளிதாகும். வேதாகமம், ஜெபமாலை, பாட்டுப் புத்தகம் ஆகியவை சொந்தப் பயன்பாட்டுக்கு ஒவ்வொன்று போதும். பிறருக்குக் கொடுக்கலாம் என்று துண்டுப் பிரசுரங்களையோ பல பிரதிகளையோ பெட்டியில் அடுக்கக் கூடாது, குறிப்பாகச் சவூதிக்குப் போகிறவர்கள். விசுவாசத்தோடு தொடர்பில்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸ் குருமாவுக்கு என்று அம்மா கட்டிக் கொடுக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் குழப்புவது கிழமை. குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமான், சவூதி ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அதனால் அங்குள்ள சபைகளில் பெரிய கூட்டம் கூடுவது வெள்ளிக்கிழமையில். ஞாயிறுக்கு உரிய வாசகங்களும் பிரசங்கமும் அன்றைக்கே நடக்கின்றன. அமீரக அரசு 2022 ஜனவரியில் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றி வெள்ளியை அரைநாள் வேலை ஆக்கியது. ஆனால் தனியார் நிறுவனங்கள் எல்லாம் அதையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், துபாயில் அண்ணனுக்கு வெள்ளியும் தம்பிக்கு ஞாயிறும் விடுமுறையாக இருப்பது சாதாரணம். ஓய்வுநாள் ஆசரிப்பில் ஊறி வளர்ந்தவர்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் உட்காருவது முதல் சில மாதங்கள் உறுத்தும். ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் நாட்களை விசேஷமாக எண்ணுவதைப் பற்றிப் பவுல் எழுதியிருப்பதை அந்த நாட்களில் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். எந்தக் கிழமையாக இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்து, அந்த நேரத்தை வேறு எதற்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வதே முக்கியம். முதல் மாதத்தில் அந்தப் பழக்கம் வராவிட்டால், வெள்ளிக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் மட்டும் என்று ஆகிவிடுகிறது.

ஆலய வளாகத்துக்குப் போகும்போது கூட்ட நெரிசலுக்கு ஆயத்தமாகப் போங்கள். உரிமம் பெற்ற ஆலயங்கள் சில, சபைகளோ பல என்பதால், ஒரே கட்டடத்தை நேரம் பிரித்துத் தமிழ், மலையாளம், தெலுங்கு, தகாலோக், ஆங்கிலம் என்று பல மொழியினர் அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஆராதனை நீண்டால் அடுத்த சபை வெளியே வெயிலில் நிற்கும். தமிழ் ஆராதனை கிடைத்தால் அதில் சேருங்கள். கீர்த்தனையும் ஞானப்பாட்டும் தாய்மொழியில் பாடும்போது கிடைக்கும் ஆறுதலுக்கு மாற்று இல்லை. ஆனால் என் கருத்தில், மாதத்தில் ஒரு முறையாவது ஆங்கில ஆராதனைக்கும் போக வேண்டும். தமிழ்ச் சபைக்குள் ஊர்ப் பேச்சும் சாதிப் பேச்சும் சபைத் தேர்தல் பகையும் விமானம் ஏறி வந்துவிடுவதுண்டு. பிலிப்பைன்ஸ் செவிலியரோடும் லெபனான் பொறியாளரோடும் ஒரே அப்பத்தில் பங்கெடுக்கும்போதுதான் சபை என்பது நம் மாவட்டத்தைவிடப் பெரியது என்பது புரிகிறது.

அடுத்து சட்டம். இதில் நல்லெண்ணம் காப்பாற்றாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஆலயத்தில் வழிபடுவது ஒன்று. இஸ்லாமியரை மதம் மாற்ற முயல்வது வேறு. பின்னது இந்த நாடுகளில் குற்றம். வேலைத்தளத்தில் பிரசுரம் கொடுப்பது, உடன் வேலை செய்பவருக்குச் சாட்சி வீடியோக்களை அனுப்புவது எல்லாம் வேலையையும் இகாமாவையும் (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) பறித்துவிடக்கூடும். பிற மதத்தை இழிவுபடுத்தும் பேச்சுக்கு அமீரகத்தில் 2015 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஊரிலுள்ள வாட்ஸ்அப் குழுவில் வந்ததை வாசிக்காமலேயே மற்றொரு குழுவுக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். பலர் அறியாமல் சிக்குவது நன்கொடை விஷயத்தில்தான். ஊர்க் கோவில் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் வசூல் செய்வது நமக்குப் பரம்பரை வழக்கம்; ஆனால் அமீரகத்தில் அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் பொதுமக்களிடம் நிதி திரட்டக் கூடாது, சமூக ஊடகத்தில் வேண்டுகோள் வைப்பதும் அதில் அடங்கும். உங்கள் காணிக்கையை உங்கள் கணக்கிலிருந்து ஊருக்கு நேரடியாக அனுப்புங்கள்; பிறர் பணத்தைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பை ஏற்காதீர்கள். வீட்டு ஜெபக் கூட்டமும் அப்படித்தான்: குடும்பமாக ஜெபிப்பதைப் பற்றிக் கேள்வி இல்லை, ஆனால் ஐம்பது பேர், ஒலிபெருக்கி, காணிக்கைப் பை என்று வளர்ந்துவிட்டால் அது அனுமதியில்லாத வழிபாட்டுத் தலமாகக் கருதப்படும்.

வேலையிடத்தில் நம்மைப் பார்ப்பவர்கள் கவனிப்பது நாம் தொழுகை நேரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதை. பாங்கு சொல்லும்போது பாட்டை அணைப்பதும், தொழுகைக்குப் போனவருடைய வேலையை முகம் சுளிக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வதும் விசுவாசத்தை விட்டுக்கொடுப்பதாகாது. ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூட குடிக்காமல் இருப்பது நல்லது. குவைத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் சிறையும் உண்டு. துபாயில் 2021 முதல் உணவகங்கள் திரை போட வேண்டிய கட்டாயம் நீங்கியிருக்கிறது, ஆனாலும் நோன்பிருப்பவர் முன்னால் டிபன் பெட்டியைத் திறப்பது மரியாதை அல்ல. அமீரகத்தில் அந்த மாதம் எல்லா மதத்தினருக்கும் வேலை நேரம் இரண்டு மணி குறைகிறது. இஃப்தாருக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். 2025இல் ரமலான் மார்ச் 1 அன்று தொடங்கியது, சாம்பல் புதன் மார்ச் 5 அன்று வந்தது. அப்படி லெந்து காலமும் நோன்பும் ஒன்றாக வரும் ஆண்டில், நீங்களும் உபவாசம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களே கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

விடுமுறை கேட்பதற்குத் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரம் நல்ல பாடம். அரண்மனை உணவு வேண்டாம் என்று தானியேல் தட்டைத் தள்ளிவிடவில்லை. பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் முன்வைத்தான். கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் அங்கே அரசு விடுமுறை அல்ல. நவம்பரிலேயே மேலாளரிடம் பேசி, ஈத் விடுமுறையில் நான் பணியில் இருக்கிறேன், டிசம்பர் 25 அன்று எனக்கு ஒரு நாள் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். முந்தைய நாள் மாலையில் போய் நின்றால் கிடைக்காது. ஈஸ்டர் ஞாயிறு வேலைநாளாக வரும் நாடுகளில், அதிகாலை ஆராதனையில் கலந்துகொண்டு அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

தொழிலாளர் தங்கும் கேம்பில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது, சத்தமாகப் பாடி ஜெபிக்க முடியாது. முதல் வாரத்திலேயே அறைக்காரர்களிடம் சொல்லி, எந்த நேரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லையோ அந்தப் பத்து நிமிடத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளை தொழுகிற அறைத் தோழர் இதை மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்வார்.

சவூதியில் இருப்பவர்களுக்கும், கடலிலேயே வாரக்கணக்கில் தங்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களுக்கும் மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவர்கள் கைப்பேசியில் வேதாகமத்தையும் அன்றாட வாசகங்களையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஆலயத்தில் திருப்பலி அல்லது ஆராதனை நடக்கும் நேரத்தையும் வளைகுடா நேரத்தையும் கணக்கிட்டு, வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் கோவிலில் இருக்கும் அதே வேளையில் வளைகுடாவில் இருப்பவரும் அதே வாசகத்தைப் படிக்கும் வழக்கத்தைச் சில குடும்பங்கள் வைத்திருக்கின்றன. சவூதி நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது; ஊரில் காலை ஏழு மணி ஆராதனை என்றால் அங்கே நாலரை மணி. படகு கிளம்பும் முன் அதற்கு நேரம் இருக்கும்.