நான்கு விடை இருக்க, ஒன்று மட்டும் வருகிறதா?

பைதான் நிரல்மொழியும், அதன் எண்கணிப்புத் தொகுப்பான நம்பையும் உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு இதுதான்: எக்ஸ்² + ஒய்² = 4, எக்ஸ் × ஒய் = 1. முதலாவது வட்டம், இரண்டாவது அதிபரவளையம். இரண்டும் வெட்டும் புள்ளிகள் வேண்டும்.

1. முதலில் எண்ணுங்கள். பெசூ தேற்றப்படி, இரண்டின் படிகளையும் பெருக்கினால் 2 × 2 = 4. அதற்கு மேல் விடை இருக்காது. தாளில் குறித்து வையுங்கள்.

2. நியூட்டன் முறை. ஜாக்கோபியன் அணியை (சமன்பாடுகளின் பகுதி வகைக்கெழுக்களை அடுக்கிய அணி) எழுதி, நேரியல் தொகுப்பைத் தீர்த்து, வரும் திருத்தத்தைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிதான்.

நான் சறுக்கியது இங்கேதான். எங்கே தொடங்கினால் என்ன என்று (1, 1) கொடுத்தேன். ‘சிங்குலர் மேட்ரிக்ஸ்’ (அணிக்கோவை பூச்சியமானதால் நேர்மாறு இல்லாத அணி) என்று நின்றுவிட்டது. ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன். கடைசியில் தாளில் போட்டுப் பார்த்தால், ஜாக்கோபியனின் அணிக்கோவை 2எக்ஸ்² − 2ஒய்². எக்ஸும் ஒய்யும் சமமானால் பூச்சியம்! (2, 1) கொடுத்துப் பாருங்கள்: அடுத்து (2, 0.5), அப்புறம் (1.9333, 0.5167), அப்புறம் (1.93185, 0.51764). மூன்றே சுற்று.

3. மீதி மூன்று? இந்தக் கணக்கில் இடம் மாற்றியும் குறி மாற்றியும் எழுதிவிடலாம். பெரிய கணக்கில் அது நடக்காது. கண்டபடி தொடக்கப் புள்ளி கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எது விட்டுப்போனது என்றே தெரியாது. ஜூலியா மொழியின் ‘ஹோமோடோபி கன்டினியூவேஷன்’ தொகுப்பைப் போடுங்கள். எக்ஸ்² = 1, ஒய்² = 1 மாதிரி விடை தெரிந்த கணக்கில் தொடங்கி, அதை மெல்ல மெல்ல நம் கணக்காக உருமாற்றி, விடைகளைக் கூடவே பின்தொடர்வதுதான் இதன் உத்தி. வழியில் பாதைகள் முட்டிக்கொள்ளாமலிருக்கக் குருட்டாம்போக்கில் ஒரு கலப்பெண்ணையும் சேர்த்துப் பெருக்குவார்கள். பெர்டினி, பிஎச்சிபேக் என்ற மென்பொருள்கள் இரண்டும் இதையே செய்யும். புதியவர்களுக்கு ஜூலியாதான் என் சிபாரிசு.

பின்சேர்க்கை: வட்டத்தின் சமன்பாட்டில் 4-க்குப் பதில் 1 போட்ட ஒருவருக்கு நான்குமே கலப்பெண்ணாக வந்ததாம். சரிதான், அந்தச் சின்ன வட்டம் அதிபரவளையத்தை எட்டுவதே இல்லை. இன்னொருவர் 2 போட்டிருக்கிறார். அங்கே இரண்டும் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். (1, 1) இரட்டை மூலம். சுற்றுக்குச் சுற்று பிழை பாதியாகத்தான் குறையும், நியூட்டன் நத்தையாக ஊரும். சுற்று வரம்பை ஏற்றிவிடுங்கள், எட்டு தசம இடத்துக்கு மேல் நம்பாதீர்கள்.