ஃப்ரீலான்ஸ் வேலைக்கு லேப்டாப் வாங்கப் போறீங்களா?

சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்து வேலை பாக்குறவங்க லேப்டாப் வாங்கும்போது பிராசஸர் பேரைப் பாத்து மயங்கிடாதீங்க, முதல்ல ராம் பாருங்க. 16 ஜிபிக்கு கீழ வேண்டவே வேண்டாம், குரோம்ல பத்து இருபது டேப், ஒரு ஜூம் கால், கூட எக்செல்னு ஓடுனாலே 8 ஜிபி திணறும். இப்ப வர்ற நிறைய மெலிசான மாடல்ல ராமை போர்டுலயே சால்டர் பண்ணிடுறாங்க, பின்னாடி ஏத்திக்கலாம்னு நெனச்சா முடியாது, அதனால எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கான்னு கேட்டுட்டு பில் போடுங்க.

செகண்ட் ஹேண்டுன்னா விண்டோஸ் 11 ஏறுமான்னு பாத்துக்கோங்க, 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது.

ரிப்பேர்னா டெக்னீஷியன் நம்ம இடத்துக்கே வர்ற ஆன்சைட் வாரன்டிக்கு கொஞ்சம் கூட செலவானாலும் போடுங்க, நமக்கு ஐடி டீம் கிடையாது, மெஷின் படுத்தா அன்னிக்கு சம்பாத்தியமும் படுத்துடும்.

ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணவங்க பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பரை மறக்காம போடச் சொல்லுங்க, லேப்டாப்புக்கு கட்டுன 18% ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம், அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம். கணக்கு எழுதி வருமான வரி கட்டுறவங்களுக்கு வருஷம் 40% தேய்மானம் உண்டு, அதாவது லேப்டாப் மதிப்புல அவ்வளவை செலவா வருமானத்துல கழிச்சுக்கலாம், ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்கு கம்மியா யூஸ் பண்ணிருந்தா முதல் வருஷம் பாதிதான், 20%.