கைக்குழந்தையும் ராணுவப் போதகர் பயிற்சியும் ஒன்றாக வரும்போது: கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

என் மகளுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தபோது நான் பயிற்சிக்காக ஃபோர்ட் ஜாக்சன் ராணுவ முகாமுக்குக் கிளம்பினேன். கொண்டுவர வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். காலுறை எத்தனை ஜோடி என்பதுவரை அதில் இருந்தது. வீட்டில் விட்டுப் போகிறவர்களுக்கு என்னென்ன செய்துவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரும் பட்டியல் தரவில்லை. பட்டுப் பட்டு நான் கற்றுக்கொண்ட அந்தப் பட்டியலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கத் தரைப்படையில் போதகராக, அதாவது சேப்ளினாக, சேர விண்ணப்பித்துவிட்டு, அதே ஆண்டில் வீட்டில் குழந்தையையும் எதிர்பார்க்கும் தமிழர்களுக்காக இது. நான் கிறிஸ்தவப் போதகர், பகுதிநேரமாகப் பணியாற்றும் ரிசர்வ் படையில் இருக்கிறேன். வேறு சமயத்தவருக்கும் படிகள் பெரும்பாலும் இவைதான். 2011இல் இந்தியாவில் பிறந்த பிரதிமா தர்ம் அமெரிக்க ராணுவத்தின் முதல் இந்து சேப்ளின் ஆனார். அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அடிப்படைத் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டம் வேண்டும். இறையியலிலோ அதை ஒட்டிய துறையிலோ 72 கிரெடிட் கொண்ட முதுநிலைப் படிப்பு வேண்டும். உங்கள் சபையோ சமய அமைப்போ "இவர் எங்கள் ஆள்" என்று எழுதித் தரும் அங்கீகாரம் வேண்டும். அதற்கான படிவம் டி.டி. 2088. இவையெல்லாம் முடிந்து, மருத்துவப் பரிசோதனையும் தேர்வுக் குழுவும் தாண்டினால், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் இருக்கும் ஃபோர்ட் ஜாக்சனில் சுமார் 12 வாரப் பயிற்சி.

இந்த 12 வாரம் என்ற எண்ணை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். 20 வாரத்துக்குக் குறைவான பயிற்சிக்கு ராணுவம் குடும்பத்தை இடம் மாற்றாது. நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து வருவதுதான்.

படி 1: இரண்டு தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள்

பிரசவத் தேதி ஒரு போனில், பயிற்சித் தேதி இன்னொரு மின்னஞ்சலில் என்று கிடக்க விடாதீர்கள். ஒரு பெரிய தாளில் இரண்டையும் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆறு வாரம் பின்புவரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் பயிற்சி தொடங்குவதாக இருந்தால், உடனே உங்கள் சேப்ளின் ரெக்ரூட்டரிடம் (ஆள்சேர்ப்பு அதிகாரியிடம்) பேசி அடுத்த வகுப்பு கேளுங்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். "குழந்தை என்று சொன்னால் ஆர்வம் இல்லாதவன் என்று நினைப்பார்களோ" என்று நானும் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். கடைசியில் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

ஆறு வாரம் என்று ஏன் சொல்கிறேன்? சிசேரியன் ஆகிவிட்டால் குழந்தையைவிடக் கனமான எதையும் பல வாரம் தூக்கக் கூடாது என்பார்கள். மளிகைப் பை, துணிக்கூடை, கார் இருக்கையோடு சேர்த்துக் குழந்தை, எதையும் தூக்க முடியாது. அந்த நாட்களில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முழுநேரப் பணியில் இருப்பவர்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலிருந்து 12 வாரப் பெற்றோர் விடுப்பு உண்டு, அப்பாவுக்கும்தான். ஆனால் அதைப் பயிற்சியின் நடுவில் எடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 12 மாதத்துக்கு மேற்பட்ட முழுநேரப் பணி ஆணையில் இல்லாத ரிசர்வ் ஆட்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, அது பொருந்தாது.

படி 2: காகித வேலையை வயிறு பெரிதாவதற்குள் முடியுங்கள்

பாதுகாப்புச் சோதனைக்கு எஸ்.எஃப். 86 என்று ஒரு நீளமான படிவம் நிரப்ப வேண்டும். பத்து ஆண்டு முகவரிகள் கேட்கும். வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் அத்தனை பேரின் விவரமும் கேட்கும். நமக்கு இதில்தான் நேரம் போகும். மாமனாரின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பாளையங்கோட்டையில் இருக்கும் மாமியாரை வாட்ஸப்பில் அழைத்து, அவர் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஞானஸ்நானச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்ல எங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை முழுவதும் ஆயிற்று. இதைப் பிரசவத்துக்குப் பிறகு செய்ய முடியாது. நான்காம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் செய்ய வேண்டியவை வேறு. மருத்துவமனையிலேயே சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம், விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் குறைந்தது மூன்று பிரதி வாங்குங்கள். அதை வைத்துக் குழந்தையை டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதில் பெயர் ஏறாத குழந்தைக்கு ராணுவ மருத்துவக் காப்பீடு இல்லை.

இங்கே நான் செய்த தவறைச் சொல்கிறேன். டீர்ஸில் சேர்க்கும் டி.டி. 1172-2 படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் படையில் இருப்பவர், அதாவது நான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிட்டேன். என் மனைவி ஒன்பது வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போய், ஒரு மணி நேரம் காத்திருந்து, கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்தாள். அன்று இரவு போனில் அவள் கோபப்படவில்லை. "என்னங்க, அந்தத் தாளை மட்டும் எப்படியாவது அனுப்புங்க" என்றாள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். நீங்கள் கிளம்பும் முன் ஒன்று குழந்தையை நேரில் கொண்டுபோய்ப் பதிந்துவிடுங்கள், அல்லது இந்த வேலையைக் குறிப்பிட்டு மனைவி பெயரில் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வையுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி, உயில் இரண்டையும் ராணுவச் சட்ட உதவி அலுவலகத்தில் காசில்லாமல் எழுதித் தருவார்கள். உயில் என்றதும் வீட்டில் முகம் சுருங்கும். ஆனால் நம் இருவருக்கும் ஏதாவது ஆனால் குழந்தை யாரிடம் வளரும் என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. எஸ்.ஜி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீட்டில் (5,00,000 டாலர் வரை) வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். திருமணத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கு இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும்.

குழந்தையின் ஓ.சி.ஐ. அட்டை, காது குத்து, ஊர்ப் பயணம் எல்லாம் காத்திருக்கட்டும்.

படி 3: காப்பீடு எந்த நாளில் மாறுகிறது என்று பாருங்கள்

ரிசர்வ் ஆட்களுக்கு இது சற்றுச் சிக்கல். 30 நாளுக்கு மேற்பட்ட பணி ஆணை தொடங்கும் நாளில் குடும்பத்துக்கு டிரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீடு கிடைக்கும். ஆணை முடிந்ததும் அது நின்றுவிடும். குழந்தை அதற்கு முன்பே பிறந்தால், மனைவியின் அலுவலகக் காப்பீட்டில் 30 நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். டிரைகேர் வரப்போகிறதே என்று பழைய காப்பீட்டை அவசரப்பட்டு ரத்துசெய்யாதீர்கள். இரண்டு மாதத் தடுப்பூசியும் நான்கு மாதத் தடுப்பூசியும் நீங்கள் இல்லாத நாட்களில்தான் பெரும்பாலும் வரும். குழந்தை மருத்துவர் டிரைகேரை ஏற்கிறாரா என்று இப்போதே போன் போட்டுக் கேளுங்கள்.

படி 4: யார் வந்து இருப்பார்கள்?

நம் வீடுகளில் பிள்ளைப்பேறு என்றால் அம்மா வர வேண்டும். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. கர்ப்பம் உறுதியான வாரமே விண்ணப்பியுங்கள். இன்னொன்று: அம்மா பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டால், இங்கே தங்க வழக்கமாகத் தரும் ஆறு மாதத்தில் பாதி, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கழிந்துவிடும். நாங்கள் பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் டிக்கெட் போட்டோம். நான் திரும்பி வந்த பிறகும் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு மாதம் எங்களோடு இருந்தார்.

அம்மா வர முடியாத வீடுகளும் உண்டு. அப்போது சபையில் மூன்று குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, நேராகக் கேளுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவரிடம் "செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, முடியுமா?" என்று சொல்லுங்கள். போதகர்களுக்கு இது வராது. எல்லோருக்கும் கொடுத்தே பழகியவர்கள் நாம். கிளம்பும் முன் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் வைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் அடுக்கி, மேலே தேதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

மனைவியின் மனநிலையைப் பற்றித் தனியாகப் பேசி வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டாமை தொடர்ந்தால் அது விசுவாசக் குறைவு இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய நோய். தாய்மார் மனநலத்துக்கான தேசிய உதவி எண் 1-833-852-6262. இருபத்துநான்கு மணி நேரமும் காசில்லாமல் பேசலாம். காலண்டருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி ஒட்டுங்கள். ராணுவக் குடும்பங்களுக்கு ஆலோசனை தரும் மிலிட்டரி ஒன்சோர்ஸ் சேவையும் ரிசர்வ் குடும்பங்களுக்கு உண்டு.

படி 5: தூக்கம் இல்லாமல் உடம்பைத் தயார் செய்வது

2025 ஜூன் 1 முதல் தரைப்படையின் உடல்தகுதித் தேர்வில் ஐந்து பகுதிகள்: பளு தூக்குதல், கையைத் தரையிலிருந்து எடுத்து எடுத்துச் செய்யும் தண்டால், ஓடி இழுத்துச் சுமக்கும் சுற்று, முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 மதிப்பெண் வேண்டும்.

குழந்தை வந்த வீட்டில் ஒரு மணி நேர உடற்பயிற்சி என்ற திட்டம் மூன்றாம் நாளே உடையும். நான் இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன். விடியற்காலைப் பால் முடிந்து குழந்தை ஏப்பம் விட்டுத் தூங்கியதும் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளாங்க், தண்டால். ஓட்டம் வாரம் மூன்று நாள். பாரம் சுமந்து நடக்க முதுகுப்பையில் அரிசி மூட்டை வைத்துக்கொண்டேன், பத்து பவுண்டில் தொடங்கி மெதுவாக ஏற்றினேன். ஒன்று மட்டும்: ஆறு மாதம் ஆகாத குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடாதீர்கள். கழுத்து அதற்குத் தாங்காது.

சேப்ளின் ஆயுதம் ஏந்துவதில்லை. அதனால் பயிற்சி லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வரைபடம் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடிப்பதும், மூட்டை சுமந்து நடப்பதும் உண்டு.

படி 6: குரலை விட்டுவிட்டுப் போங்கள்

கிளம்பும் முன் ஒரு வாரம், இரவில் குழந்தையைத் தூங்க வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் ஒரே வரிசை: வெந்நீர்த் துணியால் துடைத்தல், எண்ணெய், என் அம்மா எனக்குப் பாடிய தாலாட்டு, சின்ன ஜெபம். அந்தத் தாலாட்டையும் ஜெபத்தையும் போனில் பதிவு செய்து வைத்தேன். பின்னணியில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தமும் கேட்கும். நான் இல்லாத 12 வாரமும் அதே நேரத்துக்கு மனைவி அதைப் போட்டாள். களப்பயிற்சி நாட்களில் போன் கிடையாது, வீடியோ அழைப்பை நம்பியிருக்க முடியாது. பதிவு எப்போதும் இருக்கும்.

புடவைத் தூளி கட்ட ஆசை இருக்கும், எங்களுக்கும் இருந்தது. அழுகையை அமர்த்த, பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆட்டுங்கள். தூங்க வைப்பது சமதளமான, கெட்டியான மெத்தையில், மல்லாந்த நிலையில். இங்கே குழந்தை மருத்துவர்கள் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை, அது சரியும்கூட. தனியாக இருக்கும் தாய் களைத்துத் தூங்கிவிடுவாள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

படி 7: அங்கே போன பிறகு

உயிரோடு இருப்பவரைப் பேணுவது, காயம்பட்டவரைத் தேற்றுவது, மாண்டவருக்கு மரியாதை செய்வது. சேப்ளின் வேலையை இந்த மூன்றாகத்தான் சொல்லித் தருவார்கள். இரங்கல் நிகழ்ச்சி நடத்தும் பயிற்சியில் நான் குரல் உடைந்து நின்றேன். நான் ஒத்திகை பார்த்தது ஒரு கற்பனைச் சிப்பாயின் நினைவுரை. அவனுக்கு மூன்று மாதக் குழந்தை இருப்பதாக எழுதியிருந்தது. வகுப்பு முடிந்ததும் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அதை மறைக்காமல் உடன் படிக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். என் அறைத்தோழருக்கு இரண்டு பிள்ளைகள். அவரிடம் சொன்ன அன்றுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

எங்கள் வீடு அட்லாண்டாவில். ஐ-20 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரத்தில் கொலம்பியா வந்துவிடலாம். ஒரே ஒரு முறை, கடைசி வாரங்களில், அத்தையும் மனைவியும் குழந்தையோடு வந்தார்கள். பக்கத்தில் இருக்கிறோமே என்று வாராவாரம் வரச்சொல்லாதீர்கள். வழியில் நிறுத்தி நிறுத்திப் பால் கொடுத்து வரும் தாய்க்கு அது மூன்றரை மணி நேரப் பயணமாக இருக்காது.

படி 8: திரும்பி வரும் நாள்

சீருடையோடு ஓடிப்போய்க் குழந்தையை வாரித் தூக்க மனம் துடிக்கும். பொறுங்கள். கையைக் கழுவி, வீட்டு உடைக்கு மாறி, குழந்தை அம்மா மடியில் இருக்கும்போது கீழே பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாலாட்டைப் பாடுங்கள். என் மகள் முதலில் என் போனைப் பார்த்தாள், அப்புறம் என் வாயைப் பார்த்தாள். இரண்டு மூன்று தடவை அப்படி மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

ஆணை முடிந்த வாரமே காப்பீட்டை மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்: ரிசர்வ் ஆட்கள் சந்தா கட்டிச் சேரும் டிரைகேர் ரிசர்வ் செலக்ட், அல்லது மனைவியின் அலுவலகக் காப்பீடு. அப்புறம் முதல் இரண்டு வாரம் இரவுப் பாலும் டயப்பரும் உங்கள் வேலை. மனைவியை அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தூங்கவிடுங்கள்.