வளர்ச்சி மருந்துச் சோதனை: மாதிரி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது ஏறாவூர், ஓட்டமாவடி, சம்மாந்துறைப் பக்கம் நல்ல சதைப்பிடிப்புள்ள நாம்பன் மாடுகளுக்குக் கேள்வி கூடும். சதை வைப்பதற்காகக் கிளென்பியூட்டரால் போன்ற மருந்து கொடுக்கப்பட்டதா என்று சோதிப்பதானால், மாதிரியை ஒழுங்காக எடுக்க வேண்டும். அதில் பிழை விட்டால் எந்த நவீன இயந்திரமும் காப்பாற்றாது.

இறைச்சித் துண்டு ஒன்றை மட்டும் அனுப்புவது பெரிய தவறு. அறுப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்தியிருந்தால் சதையில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். ஈரலில் அதைவிடக் கூடுதலாகத் தங்கும். விழித்திரையிலும் மயிரிலும் பல வாரம் கழித்தும் இருக்கும். ஆகவே மாடறுக்கும் மடுவத்தில் ஈரலோடு கண்ணையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உயிரோடு நிற்கும் மாடென்றால் சிறுநீரும் மயிரும் வேண்டும். மயிரிலும் கறுப்பு மயிரையே தோலோடு ஒட்ட வெட்டுங்கள், ஏனென்றால் கறுப்பு நிறமிதான் இந்த மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். புள்ளி மாட்டில் வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்டினால், மருந்து கொடுத்த மாடும் தப்பிவிடலாம்.

சிறுநீரை நிலத்திலிருந்து அள்ளக் கூடாது, சாணம் கலந்துவிடும். பசுவென்றால் பெண்குறிக்குக் கீழே மெதுவாகத் தடவிவிட்டால் பெய்யும். முதலில் வருவதை விட்டுவிட்டு அடுத்ததைச் சுத்தமான போத்தலில் பிடியுங்கள். பழைய மருந்துப் போத்தல் வேண்டவே வேண்டாம். கையுறை கட்டாயம். மாதிரி எடுப்பவர் ஆஸ்துமாவுக்கு சல்பியூட்டமோல் பாவிப்பவரென்றால் இன்னும் கவனம் தேவை, அதுவும் இதே குடும்ப மருந்துதான். அப்புறம் ஐஸ் பெட்டி. மட்டக்களப்பு வெயிலில் போத்தலை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் மாதிரி பழுதாகிவிடும்.

போத்தலில் பட்டிக் குறியை மட்டும் எழுதுவதும் பிழை. ஒரே குறி பட்டியிலுள்ள எல்லா மாடுகளுக்கும் சுடப்பட்டிருக்கும். காது இலக்கத்தை எழுதுங்கள்.

எலைசா போன்ற முதற்கட்டச் சோதனையில் "இருக்கிறது" என்று வந்தவுடன் பட்டிக்காரரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அது சந்தேகத்தை மட்டுமே காட்டும். மூலக்கூறின் திணிவை வைத்து மருந்தை இனங்காணும் திணிவு நிறமாலைமானி உள்ள ஆய்வுகூடம் உறுதிப்படுத்த வேண்டும், அதற்காகவே மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு வைப்பது. மாடு பல கை மாறி வந்திருக்கலாம். மிருக வைத்தியர் சிகிச்சைக்குக் கொடுத்த மருந்தாகவும் இருக்கலாம், சிகிச்சைப் பதிவையும் கேட்டுப் பாருங்கள்.

"நன்றாக அவித்தால் சரி" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். கொதிக்கவைப்பதால் கிளென்பியூட்டரால் அழியாது. 1990இல் ஸ்பெயினில் மாட்டீரல் சாப்பிட்ட 135 பேருக்குக் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தலையிடியும் வந்தன. அவர்களும் ஈரலைச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.