முள்ளங்கி போடப்போகிறீர்களா? முதலில் ரகத்தைப் பாருங்கள்

மதுரை வெயிலில் முள்ளங்கி தேறாது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சித்திரையில் விதைத்தால் எப்படித் தேறும்? புரட்டாசி பிற்பாதியிலிருந்து தை வரை விதைக்கலாம். கோடையில்தான் வேண்டுமென்றால் பூசா சேத்கி ரகம் ஓரளவு வெயில் தாங்கும், 40-45 நாளில் பிடுங்கலாம்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சின்ன சிவப்பு உருண்டை முள்ளங்கி போதும். அரை அடி மண், ஒரு மாதம், அவ்வளவே. நீள வெள்ளை ரகத்துக்கு ஒரு அடிக்குக் குறையாமல் பொலபொலவென்ற மண் வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் அப்படியே போட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும்; மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள். பச்சைச் சாணம் மட்டும் வேண்டவே வேண்டாம், கிழங்கு இரண்டு மூன்று கால் விட்டுவிடும்.

நாற்று எடுத்து நடும் பயிர் இல்லை இது. அரை அங்குல ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். இரண்டு மூன்று இலை வந்ததும் நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள்: சின்னதுக்கு இரண்டு அங்குலம், நீளத்துக்கு நான்கு. மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டால் இலைதான் மிஞ்சும். பிடுங்கிய இளங்கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள், அருமையாக இருக்கும்.

மண்ணைக் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். இலையில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

இடம் இல்லையா? கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே சின்ன ரகத்தைத் தூவுங்கள். அவை படர்வதற்குள் இது குழம்புக்கு வந்துவிடும். பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டாமல் பத்து நாளுக்கு ஒரு வரிசை போடுங்கள்.